ஆர்.ஓ. தண்ணீரில் தொடங்கிய புதிய மீன் தொட்டி: 26 நாட்களாகியும் சுழற்சி முடியவில்லை

தாம்பரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. சரளைக்கல் அடைத்துக்கொண்ட இடத்தையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் ஏறத்தாழ 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைத் தவிர வேறு கருவி எதுவும் இல்லை.

முதல் முறை இந்தத் தொட்டியை வைத்தபோது, ஒரு நாள் ஃபில்டரை ஓட விட்டால் போதும், மறுநாளே மீனை விடலாம் என்று கடையில் சொன்னதை நம்பி, பன்னிரண்டு மீன்களை ஒரே நாளில் விட்டேன். நான்காம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் நாள் மிஞ்சியது ஒரே ஒரு மோலி. அதை நண்பர் ஒருவரின் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, இந்த முறை மீனே இல்லாமல், நச்சான அம்மோனியாவைப் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரஜன் சுழற்சியை முடித்துவிட்டுத்தான் மீன் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) 1400 காட்டுகிறது, குழாய் முனையிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. இந்தத் தண்ணீரில் மீன் பிழைக்காது என்று கருதி, சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து குடம் குடமாகப் பிடித்துத் தொட்டியை நிரப்பினேன். அதன் டி.டி.எஸ். 60. பாக்டீரியாவுக்கு உணவாக, ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் அம்மோனியம் குளோரைடு வாங்கி, நகை எடைபோடும் சிறிய தராசில் 0.6 கிராம் நிறுத்துக் கரைத்து ஊற்றியபோது அம்மோனியா 4 பி.பி.எம். (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) காட்டியது. முதல் பத்து நாட்கள் அது அசையவே இல்லை. 11ஆம் நாள் இறங்கத் தொடங்கி 15ஆம் நாள் பூச்சியத்தைத் தொட்டது. அந்த மகிழ்ச்சியில் மறுபடியும் அதே அளவு போட்டேன். 19ஆம் நாள் அது 2-க்கு வந்தது, வந்ததோடு சரி. இன்று 26ஆம் நாள், இன்னும் 2-லேயே நிற்கிறது. நைட்ரைட் சோதனைக்குழாய் துளி விழுந்தவுடனேயே அட்டையின் கடைசி நிறமான அடர் ஊதாவுக்குப் போய்விடுகிறது, அதாவது 5 அல்லது அதற்கு மேல். நைட்ரேட் 80 காட்டுகிறது. பி.எச். தொடக்கத்தில் 6.8 இருந்தது, இன்று 6.0. நடுவே பாட்டிலில் வரும் பாக்டீரியா திரவமும் வாங்கி ஊற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை.

எல்லாவற்றையும் வடித்துவிட்டு மூன்றாம் முறையாகத் தொடங்க வேண்டுமா? அல்லது நைட்ரேட் வந்துவிட்டதால் சுழற்சி முடிந்ததாகக் கொண்டு மீனை விட்டுவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


கிணற்றடி எழுதியது:

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பியும் மோலியும் வளர்த்து வருகிறேன். இந்த அம்மோனியா கணக்கு, சோதனைக்குழாய் எதுவும் எங்கள் காலத்தில் கிடையாது. வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஒரு வாரம் வெயிலில் விட்டு, கொஞ்சம் பாசியைப் போட்டு, நாலே நாலு மோலியை விடுவோம். அவை நிலைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவற்றைச் சேர்ப்போம். நீங்கள் பன்னிரண்டு மீனை ஒரே நாளில் விட்டதுதான் முதல் பிழை என்பது என் கருத்து. இப்போது இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை நிரப்பி, இரண்டு மோலியை விட்டு, உணவைக் குறைத்துப் போட்டு வாருங்கள். ஒரு மாதத்தில் தொட்டி தானாகவே பழகிவிடும்.


பள்ளிக்கூட ஆய்வகம் எழுதியது:

ஐயா சொன்ன முறையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் தாம்பரத்தானுக்கு: தயவுசெய்து தொட்டியை வடித்துவிடாதீர்கள், மீனையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஸ்பாஞ்சில் வளர்ந்த பாக்டீரியா செத்துப்போகவில்லை. நீங்கள் எழுதிய எண்களில் எல்லோரும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பார்ப்பார்கள். நோயைச் சொல்லும் எண் கடைசியாக எழுதிய பி.எச். 6.0 தான். அதுவும் பெரும்பாலான சோதனைப் பெட்டிகளில் 6.0 என்பது அட்டையின் அடிமட்ட நிறம். உண்மையில் உங்கள் தண்ணீர் அதற்கும் கீழே இறங்கியிருந்தாலும் அந்த அட்டை 6.0 என்றுதான் சொல்லும்.

நடந்தது இதுதான். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரில் அமிலத்தையும் விடுகிறது. அந்த அமிலத்தைத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட், அதாவது நாம் கே.எச். என்று அளக்கும் காரத்தன்மை, வாங்கிக்கொண்டு நடுநிலைப்படுத்தும். ஒரு பி.பி.எம். அம்மோனியா மாறும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் சொன்னால், லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. முதல் தவணையில் 4, இரண்டாம் தவணையில் 2, ஆக 6 பி.பி.எம். அம்மோனியாவை உங்கள் பாக்டீரியா இதுவரை தின்றிருக்கிறது. அதற்கு லிட்டருக்கு 35 மில்லிகிராம் வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை மட்டுமா எடுக்கிறது? பைகார்பனேட்டையும் சேர்த்தே வடிகட்டிவிடுகிறது. மொத்தக் கரைபொருளே 60 உள்ள தண்ணீரில் 35-ஐ மிஞ்சிய காரத்தன்மை இருக்க வாய்ப்புக் குறைவு. அது தீர்ந்த நாளில், அநேகமாக 19ஆம் நாளில், பி.எச். சரிந்தது, பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிட்டது. இந்தப் பாக்டீரியாக்கள் தம் உடலைக் கட்டிக்கொள்ள வேண்டிய கரிமத்தையும் தண்ணீரில் கரைந்துள்ள கார்பன்டையாக்சைடிலிருந்தும் பைகார்பனேட்டிலிருந்துமே எடுக்கின்றன என்பதால், காரத்தன்மை வற்றிய தண்ணீரில் அவற்றுக்கு இரண்டு வகையிலும் இழப்பு.

பாட்டில் திரவம் வேலை செய்யாததற்கும் இதே காரணம் போதும். தவிர, அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் சில, அடியில் தேங்கும் கழிவைச் சிதைக்கும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவை மட்டுமே கொண்டவை. அவற்றால் நைட்ரைட் குறையாது.

அடுத்து நைட்ரைட். ஒரு பங்கு அம்மோனியா எடையில் 2.7 பங்கு நைட்ரைட்டாக மாறுகிறது. 6 பி.பி.எம். அம்மோனியா என்றால் 16 பி.பி.எம். வரை நைட்ரைட் சேர்ந்திருக்கலாம். உங்கள் அட்டை 5 வரைதான் சொல்லும். உண்மை அளவு பாதியாகக் குறைந்தாலும் நிறம் மாறாது. நீங்கள் ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணி மனம் சோர்ந்துபோவீர்கள். ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள். நைட்ரேட் 80 என்பதை இப்போதைக்கு நம்ப வேண்டாம். அந்தச் சோதனையே நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே இவ்வளவு நைட்ரைட் இருக்கும் தண்ணீரில் அது பொய்க்கணக்குத் தரும்.

தீர்வு உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், மட்டமாக ஒரு தேக்கரண்டி எடுத்துக் கரைத்து ஊற்றினால் 45 லிட்டரில் கே.எச். மூன்று அல்லது நான்கு அலகு கூடும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள். ஆனால் இதைவிட நல்ல வழி, பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றுவது. காரத்தன்மையும் வரும், நைட்ரைட்டும் பாதியாகும். பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வது. தண்ணீரை மாற்றுவதால் அது போய்விடாது. ஊற்றுவதற்கு முன் கே.எச். மட்டும் அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் டி.டி.எஸ். 1400 என்பதில் பெரும்பகுதி வெறும் சாதாரண உப்பாகவும் இருக்கலாம்.

இதைப் படிக்கும் வேறு யாரும், மீன் இருக்கும் தொட்டியில் இதே வைத்தியத்தைச் செய்துவிடக் கூடாது. பி.எச். 7 இருக்கும்போது 25 பாகை வெப்பத்தில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட நச்சு வடிவில் இருப்பதில்லை. மற்றதெல்லாம் அம்மோனியம் அயனி. பி.எச். 8 ஆனதும் நச்சுப் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடாகிவிடுகிறது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 பாகையைத் தொட்டால் 7 விழுக்காட்டைத் தாண்டும். புளித்த தண்ணீரில் 2 பி.பி.எம். அம்மோனியாவோடு நீந்திக்கொண்டிருக்கும் மீன், சோடா விழுந்த ஒரு மணி நேரத்தில் சாகலாம். தாம்பரத்தானின் தொட்டியில் மீன் இல்லை என்பதால்தான் இவ்வளவு துணிந்து எழுதுகிறேன்.

இனி ஐயாவுக்கு. நீங்கள் நாலு மீனில் தொடங்கியதும் பாசி போட்டதும் மிகச் சரியான நடைமுறை. பாசி அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். ஆனால் உங்கள் தொட்டி ஒருநாளும் இப்படி நின்றுபோகாததற்குக் கிணற்றுத் தண்ணீரும் அந்தச் சிமெண்டும்தான் காரணம் என்று நினைக்கிறேன். சிமெண்டுச் சுவரிலிருந்து சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருந்திருக்கும். அதே நாலு மோலியை இந்த ஆர்.ஓ. தண்ணீரில் விட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.


மாடித்தோட்டம் எழுதியது:

மேலே ‘பள்ளிக்கூட ஆய்வகம்’ ஆசிரியர் எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். சில நடைமுறைக் குறிப்புகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

ஆழ்துளைத் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் தண்ணீர் தட்டுப்பாட்டு நாட்களில் உங்கள் அடுக்ககத்தின் கீழ்நிலைத் தொட்டியில் லாரித் தண்ணீரோ மாநகராட்சித் தண்ணீரோ கலந்திருந்தால் குளோரின் வரும். அது பாக்டீரியாவைக் கொல்லும். கடைகளில் ஆன்டி-குளோரின் என்று விற்கும் படிகம் சோடியம் தயோசல்பேட்தான். அதில் சிறிது போடுங்கள், அல்லது வாளியில் பிடித்து ஏர் ஸ்டோனை ஒரு நாள் ஓட விடுங்கள். ஆழ்துளைத் தண்ணீரையும் அப்படி ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்த பிறகு பி.எச். பாருங்கள், நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் கரைந்திருக்கும் கார்பன்டையாக்சைடு வெளியேறியதும் பி.எச். கண்கூடாக உயரும்.

காரத்தன்மை மீண்டும் தீராமல் இருக்க ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி கிளிஞ்சலைத் துணிப்பையில் கட்டிப் போடலாம். அமிலம் கூடும்போது மட்டும் அது கரையும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சிலர் பவளத் துண்டுகளைத் தேடுகிறார்கள். நம் நாட்டில் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். கிளிஞ்சல் செய்யும் வேலைக்குப் பவளம் தேவையும் இல்லை.

அம்மோனியம் குளோரைடு கிடைக்காதவர்கள் கவனத்துக்கு: நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டால் கொடுப்பதும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்துவதும் இதே பொருள்தான். ஆனால் அதன் தூய்மை கடைக்குக் கடை வேறுபடும் என்பதால் தாம்பரத்தானைப் போல ஆய்வகத் தரத்திலேயே வாங்குவது நல்லது.

விரைவாக முடிய வேண்டுமென்றால், நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஸ்பாஞ்சைப் பிழிந்த அந்தப் பழுப்பு நீரை ஒரு குவளை கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டர் மேல் ஊற்றுங்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் விலை கொடுத்து வாங்கும் எந்தப் பாட்டிலும் அதற்கு ஈடில்லை. கடைத் தொட்டியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், கூடவே வெள்ளைப்புள்ளி நோயும் வந்து சேரும். உங்கள் மோலி இப்போது இருக்கும் நண்பரின் தொட்டி எப்படி இருக்கிறது?


தாம்பரத்தான் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் சொன்னபடி நான்கு மடங்கு நீர்த்துச் சோதித்தேன். நிறம் 2-க்கும் 5-க்கும் நடுவில் நின்றது. அப்படியானால் நைட்ரைட் 8-க்குக் குறையாமல் இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் கே.எச். சோதனையில் முதல் துளியிலேயே நிறம் மாறிவிட்டது. ஆழ்துளைத் தண்ணீரில் பதினான்கு துளிகள் தேவைப்பட்டன. வேண்டாம் என்று ஒதுக்கிய தண்ணீரில் இருந்த பொருளைத்தான் இவ்வளவு நாளும் தேடிக்கொண்டிருந்தேன் என்று தெரிகிறது. இன்று இரவு பாதித் தண்ணீரை மாற்றுகிறேன். நண்பரின் தொட்டி இரண்டாண்டுப் பழையது, மோலியும் நலம். ஞாயிறன்று பிழிந்த நீரை வாங்கி வருவேன்.

ஒரு சந்தேகம். பழைய நூல்களில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பாக்டீரியாப் பெயர்கள் இருக்கின்றன. பாட்டிலில் நைட்ரோஸ்பைரா என்று போட்டிருக்கிறது. எது சரி? மேலும், அம்மோனியா பூச்சியமானதும் உடனே மறுபடியும் போட வேண்டுமா?


பள்ளிக்கூட ஆய்வகம் எழுதியது:

பாட்டிலில் போட்டிருப்பதுதான் இன்றைய அறிவுக்கு நெருக்கமானது. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைராதான் என்று 1998இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2015இல் இன்னொரு வியப்பு: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் சில, மீன் வளர்ப்பு நிலையம் ஒன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தன. நூறாண்டுக்கு மேலாக இரண்டு ஆள் வேலை என்று பாடம் நடத்திவந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல அடி.

உடனே அம்மோனியா போடாதீர்கள். இரண்டாம் தவணையாக 4 பி.பி.எம். போட்டதே தேவைக்கு அதிகம். நைட்ரைட் பூச்சியமாகும் வரை காத்திருங்கள். அதுவரை பாக்டீரியா பட்டினியால் செத்துவிடாது. அதன் பிறகு 0.28 கிராம் போட்டால் உங்கள் தொட்டியில் 2 பி.பி.எம். வரும். அந்த 2 பி.பி.எம். முழுவதும் 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவாகவும் இல்லாமல் நைட்ரைட்டாகவும் இல்லாமல் மறைய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி நடந்தால் மீன் வாங்கக் கிளம்பலாம். சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூர் போகும் எண்ணமிருந்தால், இந்தத் தண்ணீருக்கேற்ற மோலி, பிளாட்டி, கப்பி வகைகளோடு திரும்பி வாருங்கள். மென்மையான தண்ணீரை விரும்பும் நியான் டெட்ராவின் நிறத்தில் மயங்கிவிட வேண்டாம்.

மின்வெட்டு நேரத்துக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 பாகைத் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான் ஆக்சிஜன் கரையும். மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அதுவே பங்கு.


கிணற்றடி எழுதியது:

ஆசிரியர் சிமெண்டைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு எனக்குப் பழைய நினைவொன்று வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பேரனுக்காகக் கண்ணாடித் தொட்டி வைத்து, கேன் தண்ணீரை ஊற்றி, அதே முறையில் மோலி விட்டேன். ஒரு மாதத்துக்குள் எல்லாம் போய்விட்டன. அப்போது கடைக்காரர் நோய்ப்பட்ட மீனைத் தந்துவிட்டார் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கடைக்கு இன்றுவரை நான் போகவில்லை. தம்பி, நான் முதலில் சொன்னதை விட்டுவிட்டு இவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.


தாம்பரத்தான் எழுதியது:

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். பாதித் தண்ணீரை மாற்றிய மறுநாள் பி.எச். அட்டையின் உச்ச நிறத்துக்கு, அதாவது 7.6-க்கு, ஏறியிருந்தது. 29ஆம் நாள் அம்மோனியா பூச்சியம். ஞாயிறன்று நண்பரின் ஸ்பாஞ்ச் நீரை ஊற்றியதில் தொட்டி ஒரு நாள் முழுவதும் கலங்கிக் கிடந்தது. அம்மா மட்டும் கொஞ்சம் கோபப்பட்டார். அதன் பிறகும் நான்கு நாட்கள் நைட்ரைட் அதே ஊதாவில் நின்றது. நீர்த்துச் சோதிக்கத் தெரிந்திராவிட்டால் மறுபடியும் மனம் சோர்ந்திருப்பேன். நீர்த்த குழாயில் அது தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. 36ஆம் நாள் நைட்ரைட் முதல் முறையாக வெளிர்நீலம் காட்டியது.

0.28 கிராம் வீதம் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். முதல் முறை 24 மணி நேரத்தில் நைட்ரைட் சிறிது மிஞ்சியது. இரண்டு நாள் இடைவெளி விட்டுப் போட்டபோது அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம். மறுநாள் மூன்றாம் முறையும் அப்படியே. நைட்ரேட் 40 இருந்ததால், பாதி ஆர்.ஓ., பாதி ஆழ்துளை என்ற கலவையால் ஐந்தில் நான்கு பங்குத் தண்ணீரை மாற்றினேன். ஆழ்துளைத் தண்ணீரிலேயே நைட்ரேட் 10 இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

சென்ற வாரம் ஐந்து பிளாட்டிகளை விட்டேன். தினமும் காலையில் சோதிக்கிறேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இதுவரை பூச்சியத்தை விட்டு நகரவில்லை. கிளிஞ்சல் பையை ஃபில்டருக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். அந்தப் பழைய மோலியைத் திருப்பித் தர நண்பர் மறுத்துவிட்டார்.